கேப் டவுனிலிருந்து கேப் பாயின்ட் வரை: கடலோரக் கார்ப் பயணமும் முனை நடையும் – முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் வாடகைக் கார் எடுத்து, தீபகற்பத்தைச் சுற்றி, கேப் பாயின்ட் முனையில் நடந்துவிட்டு ஒரே நாளில் திரும்பலாம். மொத்த ஓட்டம் 150 கிலோமீட்டர் அளவில்தான் வரும். இருந்தும் பாதிப் பேர் முனைக்குப் போயும் முனையைச் சரியாகப் பார்க்காமல் திரும்புகிறார்கள்.

காரணம் ஒன்றுதான். காலை பத்து மணிக்குக் கிளம்பி, கேம்ப்ஸ் பே, சாப்மன்ஸ் பீக் என்று அழகான இடமெல்லாம் நின்று நின்று போனால், கேப் பாயின்ட் வந்து சேர மாலை மூன்றரை ஆகிவிடும். அப்போது காற்று உச்சத்தில் இருக்கும், அங்குள்ள தேசியப் பூங்காவின் வாயில் மூடும் நேரமும் நெருங்கியிருக்கும். கார் நிறுத்துமிடத்தில் நின்று கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கீழே உள்ள வரிசை அதை அப்படியே தலைகீழாக்குகிறது: நடை முதலில், கடலோரச் சாலை கடைசியில்.

1. சுற்றும் திசையை முதலில் முடிவு செய்யுங்கள்

கடிகாரம் சுற்றும் திசையில் போங்கள். காலையில் கிழக்குக் கரை வழியே (மியூசன்பர்க், சைமன்ஸ் டவுன்) தெற்கே இறங்கி, மாலையில் மேற்குக் கரை வழியே (ஸ்கார்பரோ, கொமிக்கி, சாப்மன்ஸ் பீக்) வடக்கே ஏறுங்கள்.

இதற்கு மூன்று காரணங்கள். தென்னாப்பிரிக்காவிலும் நம் ஊர் போல இடதுபக்க ஓட்டம்தான். சாப்மன்ஸ் பீக் சாலையில் வடக்கு நோக்கி வந்தால் கடல் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கும். காட்சி மேடைகளுக்கு எதிர்வண்டியைக் குறுக்கே வெட்டாமல் நேராக ஒதுங்கலாம். தெற்கு நோக்கிப் போனால் மலைச்சுவரை உரசிக்கொண்டு ஓட்ட வேண்டும். ஒவ்வொரு மேடைக்கும் வளைவில் வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

இரண்டாவது, கோடையில் வீசும் தென்கிழக்குக் காற்று பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் வலுக்கும். முனையில் நடக்க வேண்டியவர் அதற்குள் நடந்து முடித்திருக்க வேண்டும். மூன்றாவது, சுற்றுலாப் பேருந்துகள் பத்து மணிக்கு மேல்தான் கேப் பாயின்ட்டில் குவியும்.

2. ஊரிலிருந்து கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா முன்கூட்டியே எடுக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் இருக்கும் நாடுகளின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கி மாறுவதாக இருந்தால் தடுப்பூசிச் சான்றிதழும் வேண்டும். அடிஸ் அபாபா, நைரோபி வழி டிக்கெட் போடுபவர்கள் காத்திருப்பு நேரத்தைப் பார்த்துப் போடுங்கள்.

ஓட்டுநர் உரிமத்தில் புகைப்படமும் கையொப்பமும் இருந்து, விவரம் ஆங்கிலத்தில் இருந்தால் அங்கே செல்லும். தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டு உரிமம் இதில் அடங்கும். ஆனாலும் வாடகை நிறுவனத்தின் கவுன்ட்டரில் நிற்பவர் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி கேட்டால் வாதாடிப் பயனில்லை. ஆர்டிஓ அலுவலகத்தில் அதை வாங்கிக்கொண்டு போவது நிம்மதி. அது ஓராண்டு செல்லும்.

முன்பணத்துக்குக் கிரெடிட் கார்டுதான் கேட்பார்கள், அதுவும் ஓட்டுபவர் பெயரில் இருக்க வேண்டும். மனைவி பெயரில் கார்டு, கணவர் பெயரில் முன்பதிவு என்று வந்து கவுன்ட்டரில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும் கூத்து.

ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமென்றால் முன்பதிவிலேயே தேர்ந்தெடுங்கள். மலிவான வண்டிகள் பெரும்பாலும் கையால் கியர் போடுபவைதான்.

முனையில் அலைபேசி சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். தீபகற்பம் முழுவதற்குமான வரைபடத்தை முந்தின இரவே இணையமின்றிப் பார்க்கும்படி இறக்கிவையுங்கள்.

3. நாளைத் தேர்வு செய்வது

காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள்; மழையைவிட அதுதான் முக்கியம். அக்டோபர் முதல் மார்ச் வரை தென்கிழக்குக் காற்றுக் காலம். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வீச்சு என்று போட்டிருந்தால், கையில் மாற்று நாள் இருப்பவர் மாற்றிக்கொள்வது நல்லது. நகரத்துக்குள் அந்தக் காற்று மரத்தை ஆட்டும், அவ்வளவுதான். முனையின் முதுகில் அது ஆளையே தள்ளும்.

மே முதல் ஆகஸ்ட் வரை மழைக்காலம். வடமேற்கிலிருந்து மழை வரிசையாக வரும். இரண்டு வரிசைக்கு நடுவே கிடைக்கும் தெளிந்த நாள் ஆண்டிலேயே அருமையான நாளாக இருக்கும். ஆனால் பகல் குறுகியது. ஜூனில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், டிசம்பரில் எட்டு மணி வரை நிற்கும்.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை உள்ளூர் விடுமுறை. வாயிலில் கார் வரிசை நீளும். மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு, சுமார் 109 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயத்துக்காகத் தீபகற்பச் சாலைகள் பெரும்பகுதி மூடப்படும்; அந்தத் தேதியை முன்பே பார்த்துத் தவிர்க்கவும்.

4. பையில் இருக்க வேண்டியவை

• தண்ணீர்: ஆளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். நடைபாதையில் எங்கும் தண்ணீர் கிடையாது.
• காற்றுத் தடுக்கும் மேல்சட்டை, டிசம்பர் வெயிலிலும்கூட. வேர்த்த உடம்பில் முனைக்காற்று பட்டால் ஐந்து நிமிடத்தில் நடுங்கும்.
• தாடைக்கயிறு உள்ள தொப்பி. கயிறு இல்லாத தொப்பி அட்லாண்டிக்குக்குத்தான்.
• பிடிப்புள்ள அடிப்பாகத்துடன் மூடிய காலணி. செருப்பு வேண்டாம், பாறைப்படியில் உருளும் கூழாங்கல் காலை வாரும்.
• 50 என்று குறியிட்ட சன் ஸ்கிரீன். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தோல் பொசுங்குவது தெரியாது.
• எல்லாவற்றையும் அடக்கும் ஜிப் வைத்த முதுகுப்பை. துணிக்கடை, மளிகைக்கடை பிளாஸ்டிக் பை எதுவும் கையில் தொங்கக் கூடாது. ஏன் என்பது ஏழாம் பகுதியில்.

5. காலை: நகரத்திலிருந்து வாயில் வரை

நகர மையத்திலிருந்து எம்3 சாலையைப் பிடியுங்கள். அது முடியும் இடத்தில் மியூசன்பர்க் பலகையைப் பார்த்து எம்4-க்கு மாறுங்கள். பிறகு செயின்ட் ஜேம்ஸ், கால்க் பே, ஃபிஷ் ஹோக், கிளென்கேர்ன், சைமன்ஸ் டவுன் என்று கடலை ஒட்டியே சாலை போகும். வாயில் வரை சுமார் ஒன்றேகால் மணி நேரம். கோடையில் ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழேகாலுக்கு வாயிலில் நிற்கலாம்.

வழி கேட்டால் ‘ரோபோட்டில் திரும்புங்கள்’ என்பார்கள். டிராஃபிக் சிக்னலுக்கு அந்த ஊரில் அதுதான் பெயர்.

சைமன்ஸ் டவுனில் பெட்ரோல் போட்டுவிடுங்கள். அதைத் தாண்டினால் பூங்காவுக்குள் பங்க் இல்லை, மேற்குக் கரையிலும் கொமிக்கி பக்கம் வரும்வரை நம்ப முடியாது. நம் ஊர் போலவே ஊழியர்தான் நிரப்புவார், கண்ணாடியும் துடைத்துவிடுவார். சில ராண்ட் (அந்நாட்டுப் பணம்) சில்லறை கொடுப்பது வழக்கம்.

சைமன்ஸ் டவுனுக்கு அடுத்து பெங்குவின் பலகை வரும். நிற்காதீர்கள். காலையில் நிறைய பறவைகள் மீன் தேடிக் கடலுக்குள் போயிருக்கும், பிற்பகலில்தான் கரை திரும்பும். நடையோ பிற்பகலுக்குத் தாங்காது. கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப்போங்கள். மதியம் திரும்பி வரப்போகிறோம்.

6. வாயிலில்

கேப் பாயின்ட், டேபிள் மவுன்டன் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி. ஆளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1 முதல் கட்டணம் மாறும். பழைய பயணக் குறிப்பில் பார்த்த தொகையை நம்பிப் பணம் எண்ணி வைக்காமல் தேசியப் பூங்காக்களின் இணையதளத்தில் பாருங்கள். குடும்பத்தோடு வந்து வேறு தேசியப் பூங்காக்களுக்கும் போவதாக இருந்தால் ‘வைல்ட் கார்டு’ ஆண்டுச்சீட்டு மிச்சமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வழக்கமான நேரம் அக்டோபர்–மார்ச் காலை 6 முதல் மாலை 6 வரை, ஏப்ரல்–செப்டம்பர் காலை 7 முதல் மாலை 5 வரை. வாயிலில் உள்ள நேரப் பலகையை அலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூடும் நேரம் நீங்கள் வாயிலைத் தாண்டி வெளியே இருக்க வேண்டிய நேரம். கார் நிறுத்துமிடத்திலிருந்து வாயிலுக்கு 13 கிலோமீட்டர் இருக்கிறது என்பதை மறந்து, ஐந்து நிமிடம் முன்பு வண்டியை எடுத்து அபராதம் கட்டியவர்கள் உண்டு.

உள்ளே மெதுவாக ஓட்டுங்கள். தீக்கோழி, போன்டபாக் மான், பபூன் குரங்கு எதுவும் புதருக்குள்ளிருந்து திடீரென்று சாலைக்கு வரும்.

7. பபூன்: இறங்கும் முன் படிக்க வேண்டியது

பழனியிலும் அழகர்கோவிலிலும் குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழகிய கை நம்முடையது. இங்கே அந்தக் கையைக் காருக்குள்ளேயே வைத்துவிட்டு இறங்க வேண்டும். சாக்மா பபூன் ஆண் 30 கிலோவுக்கு மேல் இருக்கும், கோரைப்பல் நம் விரல் நீளம். உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். கையில் தொங்கும் பையை உணவென்று மனிதரிடம் பறித்துத் தின்னப் பழகிய பபூன்களைக் கடைசியில் கொன்றுவிடுவதும் நடக்கிறது.

அவற்றுக்குக் கார்க் கதவைத் திறக்கத் தெரியும். பூட்டாத கதவின் கைப்பிடியை இழுத்து, உள்ளே ஏறி, பின்சீட்டில் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும். சாவியில் ஒரே அழுத்தில் நான்கு கதவும் திறந்துகொள்ளும் வண்டியில் கவனம்: ஓட்டுநர் தன் கதவைத் திறக்க அழுத்தும் அந்தக் கணத்தில் எதிர்ப்பக்கக் கதவை ஒரு பபூன் இழுத்துவிடும். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

கண்ணாடிகளை முழுக்க ஏற்றுங்கள். இரண்டு அங்குலம் திறந்து வைத்தால் போதும், கை உள்ளே வரும். எலுமிச்சை சாதமோ சப்பாத்தி சுருளோ எதுவானாலும் கதவை மூடிக் காருக்குள் சாப்பிடுங்கள், அல்லது உணவகத்துக்குள் சாப்பிடுங்கள். மர மேசையில் டப்பாவைத் திறந்தால் சாப்பாடு உங்களுடையதல்ல.

ஏற்கெனவே சாப்பாட்டைப் பிடித்துவிட்டதா? விட்டுவிடுங்கள், இழுக்க வேண்டாம். பல்லைக் காட்டிச் சிரிக்கவும் வேண்டாம். அதற்கு அது மிரட்டல். கண்ணை உற்றுப் பார்க்காமல், ஓடாமல், பின்னோக்கி நகருங்கள். குட்டிக்கும் தாய்க்கும் நடுவே ஒருபோதும் நிற்கக் கூடாது. கீறலோ கடியோ பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

8. காரை நிறுத்தும் விதம்

வாடகைக் கார்களுக்கு இங்கே சேதம் தருவது விபத்து மட்டுமல்ல, கதவும்தான். காற்று பின்னாலிருந்து வீசும்படி வண்டியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால், காற்று கதவுக்குள் புகுந்து கீலைத் தாண்டி முன்னால் மடக்கிவிடும். சில வாடகை ஒப்பந்தங்கள் இந்தச் சேதத்தைக் காப்பீட்டில் சேர்ப்பதில்லை.

ஆகவே வண்டியின் மூக்கு காற்றை எதிர்த்து நிற்கும்படி நிறுத்துங்கள். அப்போது காற்று கதவைச் சாத்தப் பார்க்கும். விரல் நசுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். எப்படி நின்றாலும் கதவை இரு கையாலும் பிடித்துத் திறக்கவும். இரு பக்கக் கதவையும் ஒரே நேரத்தில் திறந்தால் வரைபடம், ரசீது எல்லாம் பறந்துவிடும்.

9. முதல் நடை: பழைய கலங்கரை விளக்கம்

கார் நிறுத்துமிடத்திலிருந்து மேலே போக இரண்டு வழி. ‘ஃப்ளையிங் டச்சுமேன்’ இழுவை ரயில் பழனி வின்ச் போன்றது. மூன்று நிமிடத்தில் ஏற்றிவிடும். அல்லது தளம் போட்ட பாதையில் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஏறலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் ரயிலில் ஏறி, நடந்து இறங்குவார்கள். உண்மையில் முழங்காலைப் படுத்துவது இறக்கம்தான். ஒரு வழிச் சீட்டு எடுப்பதாக இருந்தால் அதை இறங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ரயிலிலிருந்து இறங்கிய பிறகும் விளக்கம் வரை படிகள் உண்டு. காற்று அதிகமானால் ரயில் நிற்கும்; அதை நம்பி முதியவரை மேலே விட்டுவிட்டு நீங்கள் வேறு பாதையில் போகாதீர்கள்.

பழைய விளக்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 240 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அவ்வளவு உயரத்தில் கட்டியதே தவறாகிப் போனது: மேகம் வந்து மூடிக்கொண்டால் கப்பலுக்கு ஒளி தெரியாது. 1911-இல் லூசிடானியா என்ற போர்ச்சுக்கீசியக் கப்பல் பெல்லோஸ் பாறையில் மோதிய பிறகு, 87 மீட்டர் உயரத்தில் புதிய விளக்கம் கட்டினார்கள். நடப்பவருக்கும் இதில் பாடம் உண்டு. காலையில் மேலே மேகம் மூடியிருந்தால் ஏறிப் பயனில்லை. கீழே இருக்கும் நன்னம்பிக்கை முனைப் பாதையை (பகுதி 11) முதலில் முடித்துவிட்டு வாருங்கள். மேகம் அதற்குள் பெரும்பாலும் கலைந்திருக்கும்.

10. இரண்டாம் நடை: விளக்கக் காவலர் பாதை

பெரும்பாலான பயணிகள் பழைய விளக்கத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முனை என்பது அதற்கு அப்பால்தான் இருக்கிறது. விளக்கத்துக்குக் கீழே, மேல் ரயில் நிலையத்தின் பக்கமாக ‘லைட்ஹவுஸ் கீப்பர்ஸ் டிரெயில்’ பலகையைத் தேடுங்கள். புதிய விளக்கத்தை மேலிருந்து பார்க்கும் டயஸ் முனை மேடை வரை போகும் பாதை அது. போய்வர ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம்.

பாதை தெளிவானது, தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். கஷ்டம் காற்றிலும் விளிம்பிலும்தான். சில இடங்களில் ஓர் ஆள் அகல முதுகில் நடக்கிறோம், இரு பக்கமும் கடல். கிளம்பும் இடத்தில் ஒரு சோதனை செய்து பாருங்கள்: மறைவில்லாத இடத்தில் கையை உடம்போடு ஒட்டி நிமிர்ந்து நில்லுங்கள். சமநிலைக்காகக் காலை எடுத்து வைக்க வேண்டியிருந்தால் போகாதீர்கள். குழந்தை இருந்தால் அதை வைத்து முடிவெடுங்கள், உங்களை வைத்து அல்ல.

வேலியும் பாதையும் விட்டு விளிம்புக்குப் போகக் கூடாது என்பதற்குக் காரணம் பாறை. இது மணற்பாறை, கீழ்ப்பகுதி அரித்துப்போய் மேல்தட்டு மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே நிற்பவருக்கு அடியில் ஒன்றுமில்லை என்பது தெரியாது.

படம் எடுப்பவர்களுக்கு: இது தென் அரைக்கோளம். நண்பகலில் சூரியன் வடக்கே நிற்கும். முனையை நோக்கிப் போகும்போது வெயில் முதுகில், திரும்பும்போது முகத்தில். எனவே படமெல்லாம் போகும்போதே.

11. மூன்றாம் நடை: நன்னம்பிக்கை முனை

கேப் பாயின்ட் வேறு, நன்னம்பிக்கை முனை வேறு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரு முனைகள். இரண்டாவது, ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்மேற்குக் கோடி. அங்குள்ள மரப் பலகையில் 34°21'25" தெற்கு, 18°28'26" கிழக்கு என்று எழுதியிருக்கும். கண்டத்தின் தென்கோடி இரண்டுமே இல்லை. அது தென்கிழக்கே தள்ளி இருக்கும் அகுல்லாஸ் முனை. இரண்டு பெருங்கடல்கள் சேருமிடம் என்று வழக்கமாகக் கொள்ளப்படுவதும் அங்கேதான். இங்கே நின்று தண்ணீரில் கோடு தேட வேண்டாம்.

கார் நிறுத்துமிடத்தின் மேற்கு ஓரத்தில் மரப்பலகைப் பாதை தொடங்கும். டயஸ் கடற்கரைக்கு மேலாக, கேப் மக்லியர் பாறையைத் தாண்டி, நன்னம்பிக்கை முனையின் தலைக்குப் போய், கடைசியில் பாறைப்படிகளில் பலகை இருக்கும் கரைக்கு இறங்கும். ஒரு வழி நாற்பத்தைந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வசதி உண்டு. பலகை இருக்கும் கரைக்குச் சாலையும் போகிறது. இரண்டு ஓட்டுநர் இருக்கும் குழுவில் ஒருவர் காரை அங்கே கொண்டு வந்துவிட்டால், மற்றவர்கள் ஒரு வழி மட்டும் நடந்தால் போதும். மேலிருந்து கீழாக நடப்பதே நல்லது. பாறைப்படியில் ஏறுவது எளிது என்றாலும், காட்சி முழுக்க இறங்கும் திசையில்தான் முன்னால் விரியும். முன்பே சந்திக்கும் நேரத்தைப் பேசி வையுங்கள், அலைபேசியை நம்பி அல்ல.

டயஸ் கடற்கரைக்கு மரப்படி இறங்குகிறது. மேலே இருந்து பார்த்தால் பத்து நிமிட வேலை போலத் தெரியும். இறங்கி, மணலில் நடந்து, மூச்சு வாங்கி ஏறி வர முக்கால் மணி ஆகும். நேரமிருந்தால் போங்கள், ஆனால் தண்ணீரில் இறங்காதீர்கள். அலை உள்ளே இழுக்கும், உயிர்காப்பாளர் யாரும் இல்லை.

கரைப்பாறைகளில் கருப்பாகவோ பச்சையாகவோ ஈரம் தெரிந்தால் அதுவரை அலை வருகிறது என்று பொருள். பத்து நிமிடம் சும்மா இருந்த இடத்திலும் ஒரு பேரலை வந்து ஏறும். பலகையோடு படம் எடுக்கும் அவசரத்தில் கடல்பக்கப் பாறையில் ஏறி முதுகைக் காட்டி நிற்பதுதான் இங்கே அதிகம் பார்க்கக் கிடைக்கும் தவறு.

வெயில் ஏறிய பாதையில் பஃப் ஆடர் விரியன் படுத்திருக்கலாம். நல்ல பாம்பு போல விலகி ஓடாது, அசையாமல் கிடக்கும். காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து நடந்தால் போதும்.

அவசரத்துக்கு அலைபேசியிலிருந்து 112. சிக்னல் இல்லையென்றால் கார் நிறுத்துமிடத்துக்கு ஒருவரை அனுப்புங்கள், அடிபட்டவரைத் தனியே விடாதீர்கள்.

12. மதியம்: பெங்குவினும் ரெட் ஹில்லும்

பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குள் வாயிலைத் தாண்டுங்கள். வந்த வழியே சைமன்ஸ் டவுனுக்கு இருபது நிமிடம். அங்கே சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்கு மேல் போல்டர்ஸ் கடற்கரைக்குப் போங்கள். இதற்குத் தனிக் கட்டணம்.

மரப்பாதையிலிருந்தே ஆப்பிரிக்கப் பெங்குவினைக் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். கை நீட்ட வேண்டாம். அலகின் ஓரம் பிளேடு போல வெட்டும். 2024 முதல் இது அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. காரை எடுக்கும் முன் குனிந்து அடியில் பாருங்கள். நிழலுக்காகச் சக்கரத்தின் ஓரம் வந்து நிற்கும் பழக்கம் அவற்றுக்கு உண்டு, பலகையே வைத்திருக்கிறார்கள்.

பிறகு தெற்கே திரும்பாமல், சைமன்ஸ் டவுனிலிருந்து ரெட் ஹில் சாலையில் (எம்66) மலையேறி மேற்குக் கரைக்குக் குறுக்கே கடந்துவிடுங்கள். ஸ்கார்பரோ அருகே எம்65-இல் சேரும். வலப்பக்கம் திரும்பி மிஸ்டி கிளிஃப்ஸ், கொமிக்கி. கொமிக்கியில் ஸ்லாங்காப் வெள்ளைக் கலங்கரை விளக்கம் 33 மீட்டர் உயர வார்ப்பிரும்புக் கோபுரம். பத்து நிமிடம் நின்று பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

13. மாலை: சாப்மன்ஸ் பீக்

நூர்ட்ஹூக்கிலிருந்து ஹவுட் பே வரை 9 கிலோமீட்டர், 114 வளைவுகள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசிகளை ஏறியவருக்கு இந்த வளைவுகள் ஒன்றுமே இல்லை. ஆபத்து வேறு இடத்தில்: ஓட்டுபவர் கடலைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது. பார்க்க வேண்டுமென்றால் மேடையில் நிறுத்துங்கள். இந்தத் திசையில் எல்லா மேடையும் உங்கள் பக்கம்தான்.

சைக்கிள்காரர்கள் நிறைய வருவார்கள். தாண்டும்போது குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி விடுவது இந்த மாகாணத்தில் சட்டம். வளைவில் இடைவெளி கிடைக்காவிட்டால் பின்னாலேயே போங்கள், ஒலிப்பான் வேண்டாம்.

மலைச்சுவரில் பெரிய வலைகளும், சாலைக்கு மேல் கூரை போல ஒரு பாதிச் சுரங்கமும் பார்ப்பீர்கள். கல் விழுவதால் 2000-இல் மூடிய சாலையை 2003-இல் இவற்றோடுதான் டோல் சாலையாகத் திறந்தார்கள். இன்றும் கனமழை, பெருங்காற்று, காட்டுத்தீ என்றால் சட்டென்று மூடுவார்கள். கொமிக்கியில் நிற்கும்போதே சாலையின் இணையதளத்தில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் நூர்ட்ஹூக் பக்கத்திலிருந்து ஊ காப்ஸே வெக் (எம்64) மலைச்சாலையைப் பிடித்து எம்3-க்குத் திரும்பலாம். அரை மணிதான் வித்தியாசம், காட்சியும் மோசமில்லை.

நூர்ட்ஹூக் பக்கம் ஏறியதும் வரும் முதல் மேடைகளில் பின்னால் திரும்பிப் பாருங்கள், எட்டு கிலோமீட்டர் வெண்மணல் முழுக்கத் தெரியும். உச்சிக்கு அப்பால் ஹவுட் பே குடாவும் அதன் குறுக்கே சென்டினல் பாறையும். சூரியன் இறங்க ஒரு மணி நேரம் முன்பு அங்கே இருப்பது சரியான கணக்கு. கோடையில் ஆறரை, ஏழு; குளிர்காலத்தில் நாலரை. குளிர்காலத்தில் இதற்கு நேரம் வேண்டுமென்றால் காவலர் பாதை, டயஸ் கடற்கரை இரண்டில் ஒன்றை விட்டுவிடுங்கள்.

மேடையில் நிற்கும்போதும் பையை இருக்கையில் தெரியும்படி வைக்காதீர்கள். டிக்கிக்குள் வைப்பதானாலும் அங்கே வந்து நிறுத்திய பிறகு வைப்பதல்ல, கிளம்பிய இடத்திலேயே. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் டிக்கியைத் திறந்ததுமே விலாசம் கொடுத்தது போல ஆகிவிடும்.

டோல் சாவடி ஹவுட் பே முனையில்தான் இருக்கிறது, ஆகவே உங்களுக்குக் கட்டணம் கடைசியில் வரும். கார்டு எடுத்துக்கொள்வார்கள். இயந்திரம் அடம்பிடித்தால் பின்னால் வண்டி வரிசை நிற்கும்; 100 ராண்ட் தாள் ஒன்று கையில் இருக்கட்டும். அங்கிருந்து லண்டட்னோ, கேம்ப்ஸ் பே வழியே நகரத்துக்கு முக்கால் மணி. கோடை வார இறுதியில் கேம்ப்ஸ் பேயில் மட்டுமே அரை மணி கூடுதலாகப் போகும்.